மிதக்காத மீனைப் பத்தி யாரும் கேட்கிறதில்ல

1/ போன குறுவையில ஒரு சாயங்காலம். எமர்ஜென்சி டூட்டி. வயலுக்கு மருந்து அடிச்சுட்டு வந்த ஒருத்தரை ஆட்டோவுல தூக்கிட்டு வந்தாங்க. நாற்பது வயசு இருக்கும். சட்டை நனைஞ்சு பிழியிற அளவுக்கு வேர்வை, வாயில எச்சில் ஒழுகுது, மூச்சு வாங்குது. டார்ச் அடிச்சுப் பார்த்தா கண்மணி ரெண்டும் குண்டூசி முனை அளவுக்குச் சுருங்கி இருக்கு. டெல்டாவுல வேலை பார்க்கிற டாக்டருக்கு இதுக்கு மேல விளக்கம் தேவைப்படாது. அட்ரோபின் ஆரம்பிச்சோம். ராத்திரி பத்து மணிக்கு மேல கொஞ்சம் தெளிஞ்சார்.

2/ இந்த இழை அவரைப் பத்தினது இல்ல. அவர் பிழைச்சுட்டார், நல்லா இருக்கார். மறுநாள் ரவுண்ட்ஸ்ல அவரோட அம்மா கேட்ட கேள்வியைப் பத்தினது.

"ஏன் தம்பி, நேத்து மத்தியானம் எங்க வாய்க்கால்ல மீனெல்லாம் செத்து மிதந்துச்சு. பசங்க அள்ளிட்டு வந்து வச்சிருக்கானுவோ. கொழம்பு வச்சுத் தின்னலாமா?"

"வேண்டவே வேண்டாம்மா. குழி தோண்டிப் புதைச்சுடுங்க. கோழிக்குக் கூடப் போடாதீங்க"ன்னு சொன்னேன்.

3/ அந்தம்மா விடல. "சரி, மிதந்ததுதான் வேண்டாங்குற. இன்னும் நீந்திக்கிட்டு கெடக்கே, அதைப் புடிக்கலாம்ல?"

எனக்கு டக்குன்னு பதில் வரல. "கொஞ்ச நாளைக்கு வேண்டாம்மா"ன்னு சொல்லிட்டு அடுத்த பெட்டுக்கு நகர்ந்துட்டேன். ஆனா அந்தக் கேள்வி என்கூடவே வீட்டுக்கு வந்துடுச்சு. செத்து மிதக்கிற மீன் செய்தியில வரும். மிதக்காத மீனுக்கு என்ன ஆச்சுன்னு யாரு பார்க்கிறா?

4/ முதல்லயே சொல்லிடுறேன். நான் மீன் ஆராய்ச்சியாளர் இல்ல, எம்.பி.பி.எஸ். டாக்டர். ஆனா ஈரல் கொஞ்சம் தெரியும். கூடப் படிச்ச நண்பன் ஒருத்தன் கலைக் கல்லூரியில விலங்கியல் சொல்லிக் கொடுக்கிறான். அவன்கிட்ட போய் உட்கார்ந்து கேட்டேன். அவன் மைக்ராஸ்கோப்ல ஸ்லைடு வச்சுக் காட்டினான். கீழ சொல்லப்போற பாதி விஷயத்துக்கு அந்த மத்தியானம்தான் ஆரம்பம்.

5/ மீன் எப்படி விஷத்தை வாங்குதுன்னு பார்ப்போம். நன்னீர் மீன் தண்ணியைக் குடிக்கிறதே ரொம்பக் குறைவு. ஆனா மூச்சு விடுறதுக்காக நாள் முழுக்கத் தண்ணியைச் செவுள் வழியா தள்ளிக்கிட்டே இருக்கும். செவுள்ல தண்ணிக்கும் ரத்தத்துக்கும் நடுவுல ரொம்ப மெல்லிசான திரைதான். ஆக்சிஜன் நுழையிற அதே வாசல் வழியா பூச்சிமருந்தும் நுழைஞ்சுடும். நாம மாஸ்க் போடலாம், வயலை விட்டு வெளியே வரலாம். மீனுக்கு அந்த வசதி இல்ல.

6/ உள்ளே போன சரக்கு கடைசியில வந்து சேர்ற இடம் ஈரல். நமக்கும் அப்படித்தான், மீனுக்கும் அப்படித்தான். உடம்புக்கு ஒத்துவராத எதையும் உடைச்சு, மாத்தி, வெளியே தள்ளுறது ஈரலோட வேலை. அதுக்குன்னு இருக்கிற சைட்டோக்ரோம் பி450 என்சைம் குடும்பம் மனுஷனுக்கும் உண்டு, கெண்டைக்கும் உண்டு. மாத்திரை சாப்பிட்டா உங்க ஈரல் அதை எப்படிக் கையாளுதோ, ஏறக்குறைய அதே பட்டறைதான் குளத்து மீனுக்குள்ளயும் ஓடிக்கிட்டு இருக்கு.

7/ இதுல ஒரு சோகமான திருப்பம் இருக்கு. குளோர்பைரிபாஸ் மாதிரியான மருந்து உள்ளே போகும்போது முழு வீரியத்தோட போறதில்ல. ஈரல் அதை உடைக்கப் போய், ஆக்ஸான்னு ஒரு பொருளா மாத்திடும். நரம்பைத் தாக்குற வேகத்துல இந்த ஆக்ஸான் மூல மருந்தை விடப் பல மடங்கு கொடியது. மாலத்தியான் கதையும் இதேதான். காப்பாத்தப் போன ஈரலே விஷத்தைக் கூர் தீட்டிக் கொடுத்துடுது. நம்ம உடம்புலயும் இதேதான் நடக்குது.

8/ இப்ப அந்த ஸ்லைடு. முதல்ல நல்ல தண்ணியில வளர்ந்த மீனோட ஈரல். நம்ம ஈரல் மாதிரி கச்சிதமான லோப்யூல் அமைப்பு மீனுக்கு இருக்காது. ஆனா செல்கள் வரிசை வரிசையா, நடுவுல உருண்டையா நியூக்ளியஸோட, அமைதியா இருக்கு.

அடுத்தது மருந்து கலந்த தண்ணியில சில வாரம் இருந்த மீன். வரிசை கலைஞ்சிருக்கு. செல்லுக்குள்ள ஓட்டை ஓட்டையா வெற்றிடம். நியூக்ளியஸ் சுருங்கிக் கறுத்திருக்கு. ரத்தம் ஓடுற இடுக்குகள் வீங்கிக் கிடக்கு. சில இடத்துல செல்லே செத்துப்போய் வெறும் திட்டா இருக்கு.

9/ அந்த மீன் எப்படி இருந்துச்சுன்னு நண்பன்கிட்ட கேட்டேன். "நல்லாத்தான் நீந்துச்சு. தீனி கொஞ்சம் குறைச்சலா எடுத்துச்சு, அவ்வளவுதான்"ன்னான்.

இது ஏதோ ஒரு லேப்ல நடந்த அதிசயம் இல்ல. குறவை, ரோகு, கட்லா, மிர்கால், ஜிலேபி, தேளின்னு நம்ம ஊர் மீன்கள்ல இந்தியா முழுக்க விலங்கியல் துறைகள் பல வருஷமா இதைச் செஞ்சு பார்த்திருக்காங்க. மருந்து மாறும், மீன் மாறும். ஈரல்ல தெரியிற படம் பெரும்பாலும் இதே குடும்பம்தான்.

10/ ரத்தத்துலயும் தெரியும். நீங்க எல்.எஃப்.டி. எடுக்கும்போது எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி.ன்னு ரெண்டு வரி வரும்ல, அதே ரெண்டு என்சைமை மீன் ரத்தத்துலயும் பார்க்கலாம். ஈரல் செல் கிழிஞ்சா அது ரத்தத்துல கசியும். அதோட, ஈரல்ல சேமிச்சு வச்ச கிளைக்கோஜன் கரையும். விஷத்தோட மல்லுக்கட்டவே கையிருப்பு போயிடும். கோடையில குளம் வத்தி, தீனி குறையிற நேரத்துல அந்த மீன்கிட்ட தாக்குப்பிடிக்கச் சேமிப்பு இருக்காது.

11/ இது எனக்கே புதுசா இருந்த விஷயம். மீன் சினை இருக்குல்ல, அதுல இருக்கிற மஞ்சள் கருவுக்கான புரதம் முக்கியமா சினைப்பையில தயாராகிறதில்ல. ஈரல்ல தயாராகி, ரத்தம் வழியா சினைக்குப் போகுது. வைட்டெல்லோஜெனின்னு பேரு. ஈரல் அடிவாங்கினா சினையும் அடிவாங்கும். ஈஸ்ட்ரோஜன் மாதிரி நடிக்கிற ரசாயனம் தண்ணியில இருந்தா, ஆண் மீனோட ஈரல் கூட இந்த முட்டைப் புரதத்தைத் தயாரிக்க ஆரம்பிச்சுடும். ஆண் மீன் ரத்தத்துல அது இருந்தா தண்ணி சரியில்லன்னு அர்த்தம்.

12/ இப்ப புரியுதா? ஒரு மீன் கூடச் செத்து மிதக்காமலே ஒரு வாய்க்காலோட மீன்வளம் குறையலாம். வளர்ச்சி குறையும், சினை குறையும், குஞ்சு குறையும். பத்து வருஷம் கழிச்சு டீக்கடையில "முன்ன மாதிரி மீன் இல்லப்பா"ன்னு பேசிக்கிட்டு இருப்போம். மீன் குறையுறதுக்குக் குளம் தூர்ந்தது, சாக்கடை கலந்தது, தண்ணி வராததுன்னு வேற காரணங்களும் உண்டு. எல்லாப் பழியும் பூச்சிமருந்து மேலன்னு சொல்ல மாட்டேன். ஆனா இந்தக் காரணம் கண்ணுக்கே தெரியாம நடக்குறதால கணக்குலயே வர்றதில்ல.

13/ ஈரல் சத்தம் போடாத உறுப்பு. இதை எனக்குப் பாடமா சொன்னது எலி பேஸ்ட் கேஸ்கள். முதல் ரெண்டு நாள் நோயாளி நல்லா எழுந்து உட்கார்ந்து பேசுவார். "நல்லாத்தானே இருக்கார், வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறோம்"னு சொந்தக்காரங்க சண்டை போடுவாங்க. அதுக்கப்புறம் கண்ணு மஞ்சளாகும், ஈரல் கைவிடும். தயவுசெஞ்சு அப்படிக் கூட்டிட்டுப் போயிடாதீங்க. மனசு கஷ்டத்துல இருக்கிற யாரும் 104-க்கோ 14416-க்கோ கூப்பிடலாம், பேச ஆள் இருக்காங்க.

நடமாட்டத்தை வச்சு ஈரலை எடைபோடக் கூடாது. மனுஷனுக்கும் சரி, மீனுக்கும் சரி.

14/ ஆனா நம்ம சட்டதிட்டம் எதை வச்சு எடைபோடுது? ஒரு மருந்து மீனுக்கு எவ்வளவு ஆபத்துன்னு பார்க்க அடிப்படைக் கணக்கு ஒண்ணு இருக்கு. 96 மணி நேரத்துல பாதி மீன் சாகுற அளவு எவ்வளவு? அதுதான் எல்.சி.50. தேவையான கணக்குதான், மறுக்கல. ஆனா அது சாவை எண்ணுற கணக்கு. நான் மேல சொன்ன ஈரல் சேதங்கள் எல்லாம் அந்த அளவுல பத்துல ஒரு பங்கு கலந்த தண்ணியிலயே, சில சமயம் அதுக்கும் கீழேயே, வந்துடுது. வாய்க்கால்ல வருஷக்கணக்கா ஓடுறது அந்த மாதிரி குறைஞ்ச அளவுதான்.

15/ அடுத்து டப்பா மேல இருக்கிற கலர் முக்கோணம். சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை. 1971-ம் வருஷ பூச்சிக்கொல்லி விதிகள் சொல்ற அடையாளம் அது. நிறைய விவசாயிங்க சிவப்புன்னா கொடியது, பச்சைன்னா பரவாயில்லன்னு நினைச்சுக்கிறாங்க. ஓரளவு சரிதான். ஆனா யாருக்குப் பரவாயில்ல? அந்த நிறத்தை முடிவு பண்றது எலி மாதிரியான பாலூட்டிகளுக்கு எவ்வளவு கொடுத்தா சாகும்ங்கிற கணக்கு. அதாவது நமக்கான எச்சரிக்கை. மீனுக்கும் அந்த நிறத்துக்கும் சம்பந்தம் இல்ல.

16/ நல்ல உதாரணம் சைபர்மெத்ரின், டெல்டாமெத்ரின் மாதிரியான பைரித்ராய்டு மருந்துகள். நம்ம உடம்பு இதை ஓரளவு வேகமா உடைச்சுடும். அதனால பலவற்றுல சிவப்பு முக்கோணம் இருக்காது. மீனோட உடம்புக்கு இதை உடைக்கிற திறமை ரொம்பக் குறைவு. ஒரு லிட்டர் தண்ணியில மைக்ரோகிராம் கணக்குல இருந்தாலே பல மீன்களுக்கு முடிஞ்சுது கதை. ஒரு மைக்ரோகிராம்னா ஒரு கிராமில் பத்து லட்சத்துல ஒரு பங்கு. கேனைக் கொண்டுபோய் வாய்க்கால்ல அலசுறதுன்னா என்ன அர்த்தம்னு யோசிச்சுக்குங்க.

17/ "சரி டாக்டர், இனிமே மீன் சாப்பிடலாமா கூடாதா?" கமெண்ட்ல இதுதான் வரும்னு தெரியும்.

சாப்பிடுங்க. மீன் நல்ல உணவு, அதை விடச் சொல்லி நான் எழுதல. "மீன் தின்னா ஈரல் கெட்டுடும்"னு வாட்ஸ்அப்ல இதை மாத்திப் போட்டுடாதீங்க. நான் தினமும் பார்க்கிற ஈரல் நோய்க்குப் பெரிய காரணங்கள் சாராயம், கொழுப்பு ஈரல், மஞ்சள் காமாலை வைரஸ்கள். மூணு விஷயம் மட்டும் செய்யுங்க. செத்து மிதந்த மீனைத் தொடாதீங்க. பக்கத்துல மருந்து அடிச்சிருந்தா அந்த வாய்க்கால் மீன் கொஞ்ச நாளைக்கு வேண்டாம். எந்த ஆத்து மீனா இருந்தாலும் குடல், ஈரல், உள்கொழுப்பை எடுத்துட்டுச் சமைங்க. வேக வச்சா விஷம் போயிடும்னு நம்பாதீங்க.

18/ விவசாயியைக் குத்தம் சொல்ற இழையும் இல்ல இது. அன்னைக்கு என் வார்டுல படுத்திருந்தவர் கடையில "ரெண்டையும் கலந்து அடி"ன்னு சொன்னதைக் கேட்டு அடிச்சவர். கடன் வாங்கி நட்ட பயிர்ல இலைச்சுருட்டுப்புழு தெரிஞ்சா யாரா இருந்தாலும் பயப்படுவாங்க. விஷத்தை முதல்ல மூச்சுல இழுத்தவரும் அவர்தான். மீனும் அவரும் ஒரே பக்கம் நிக்கிறாங்க.

19/ அரசு எதுவுமே செய்யலையான்னா, செஞ்சிருக்கு. 2023 தொடக்கத்துல தமிழ்நாடு அரசு மோனோகுரோட்டோபாஸ், குளோர்பைரிபாஸ், புரொபனோபாஸ், அசிபேட், அப்புறம் ரெண்டு கலவை மருந்துகள்னு மொத்தம் ஆறுக்குத் தற்காலிகத் தடை போட்டுச்சு. தற்கொலைகளைக் குறைக்க. வார்டுல நிக்கிறவன்ங்கிற முறையில அதை நான் முழுசா வரவேற்கிறேன். ஆனா அது 60 நாள் தடை. 1968 சட்டப்படி மாநில அரசு அதுக்கு மேல பெருசா நீட்டிக்க முடியாது. நிரந்தர முடிவு மத்திய அரசு கையில.

20/ இன்னொண்ணு கவனிங்க. நாம ஒவ்வொரு தடவையும் மனுஷன் சாகுற வரைக்கும் காத்திருக்கோம். 1969-ல ஐரோப்பாவில் ரைன் நதியில பெரிய அளவுல மீன்கள் செத்துச்சு. காரணம்னு சொல்லப்பட்டது எண்டோசல்ஃபான். அதுக்கப்புறம்தான் காசர்கோடு முந்திரித் தோட்டங்கள் மேல ஹெலிகாப்டர்ல அதே எண்டோசல்ஃபானைத் தெளிக்க ஆரம்பிச்சாங்க, 2000 வரைக்கும். அந்தக் குழந்தைகளோட படங்களை எல்லாரும் பார்த்திருப்பீங்க. இந்தியாவுல உச்ச நீதிமன்றம் நிறுத்தச் சொன்னது 2011 மே மாசம். ரைன் நதி மீனுக்கும் நம்ம தடைக்கும் நடுவுல 42 வருஷம்.

மீன் முதல்லயே சொல்லிடுச்சு. கேட்க ஆள் இல்ல.

21/ கேட்டா என்ன ஆகும்ங்கிறதுக்கும் உதாரணம் இருக்கு, அதுவும் நெல் வயல்லயே. அமெரிக்காவுல கலிஃபோர்னியாவோட சாக்ரமெண்டோ சமவெளி நம்ம டெல்டா மாதிரி நெல் விளையுற பூமி. 1980-கள் தொடக்கத்துல அங்க வடிகால் வாய்க்கால்கள்ல கெண்டை மீன்கள் கூட்டம் கூட்டமா செத்துச்சு. வயலுக்குப் போட்ட மோலினேட்ங்கிற களைக்கொல்லிதான் காரணம்னு கண்டுபிடிச்சாங்க.

22/ அவங்க நெல்லை நிறுத்தல. மருந்து போட்ட வயல் தண்ணியை உடனே வடிக்கக் கூடாது, இத்தனை நாள் வயல்லயே தேக்கி வைக்கணும்னு விதி போட்டாங்க. சில மருந்துகளுக்கு அது வாரக்கணக்குல. வெயிலும் மண்ணும் நுண்ணுயிரும் சேர்ந்து வயல்லயே மருந்தைச் சிதைச்சுடும். ஆத்துக்குப் போன மருந்தோட அளவு பெருமளவு குறைஞ்சுது. மீன் சாவு நின்னுச்சு, நெல்லும் விளைஞ்சுது.

23/ நம்ம ஊர்ல அப்படியே செய்ய முடியுமா? ஐப்பசி மழையில வயல் மூழ்கிக் கிடக்கும்போது "தண்ணியைத் தேக்கு"ன்னு சொன்னா விவசாயி என்னை அடிக்க வருவார். நியாயம்தான். ஆனா குறுவையில மருந்து அடிச்ச மறுநாளே வயலை வடிக்காம இருக்கலாம். மழை வரும்னு தெரிஞ்ச நாள்ல அடிக்காம இருக்கலாம். பொருளாதாரச் சேத நிலையைத் தாண்டாத பூச்சிக்கு அடிக்காம இருக்கலாம். புகையானுக்கு பைரித்ராய்டு அடிச்சா புகையான் இன்னும் பெருகும்னு வேளாண் அறிவியலே சொல்லுது. அங்க செலவும் மிச்சம், மீனும் மிச்சம்.

24/ கேன் விஷயம் இன்னும் சுலபம். காலியான கேனை மூணு தடவை கொஞ்சம் தண்ணி ஊத்திக் குலுக்கி, அந்தத் தண்ணியையும் ஸ்பிரேயர் டேங்க்லயே ஊத்தி வயல்லயே அடிச்சுடுங்க. காசு கொடுத்து வாங்கின மருந்து வீணாகாது. கேனை ஓட்டை போட்டுடுங்க, யாரும் தண்ணி பிடிக்க எடுத்துடக் கூடாது. டேங்க்கை வாய்க்கால்ல அலசாதீங்க. அடிச்சு முடிச்சதும் சோப்புப் போட்டுக் குளிச்சுட்டுத் துணியை மாத்திடுங்க. வேர்வை, எச்சில், வாந்தி, கண் மங்கல், தசை துடிப்புன்னு எது வந்தாலும் கேனோட லேபிளை எடுத்துக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடி வாங்க.

25/ இனி அரசுக்கு என் கோரிக்கை ரெண்டே ரெண்டு.

ஒண்ணு: முக்கோணத்துக்குப் பக்கத்துல, தண்ணிக்கும் மீனுக்கும் எவ்வளவு ஆபத்துன்னு தனியா ஒரு அடையாளம். உள்ளே மடிச்சு வச்ச துண்டுச்சீட்டுல பொடி எழுத்துல இல்ல. டப்பா முன்னாடி, படிக்கத் தெரியாதவருக்கும் புரியிற படமா.

26/ ரெண்டு: உயிரோட இருக்கிற மீனோட ஈரலைப் பாருங்க. மீன் செத்து மிதந்ததும் ஓடிவந்து தண்ணி சாம்பிள் எடுக்கிறாங்க. அதுக்குள்ள தண்ணி பாதி தூரம் கடலுக்குப் போயிருக்கும். ஆனா ஈரல் அந்தப் பருவம் முழுக்க நடந்ததுக்குச் சாட்சியா உள்ளேயே இருக்கு. பல மாவட்டங்கள்ல விலங்கியல் துறை உள்ள அரசுக் கல்லூரிகள் இருக்கு. மைக்ராஸ்கோப் இருக்கு, பிள்ளைங்க இருக்காங்க. குறுவைக்கு ஒரு தடவை, சம்பாவுக்கு ஒரு தடவை வாய்க்காலுக்குப் பத்து மீன் பிடிச்சு ஈரலைப் பார்த்து, முடிவை ஊர் பஞ்சாயத்து போர்டுல ஒட்டுங்க. பெரிய செலவு இல்ல. எங்க வாய்க்கால் நோயாளி, எங்க இல்லன்னு ஒரு வரைபடமே கிடைச்சுடும்.

27/ ஓபியில ஒருத்தருக்கு எஸ்.ஜி.பி.டி. ஏறியிருந்தா "நல்லாத்தானே நடக்குறீங்க, போங்க"ன்னு நான் அனுப்ப மாட்டேன். ஏன் ஏறுச்சுன்னு தேடுவேன். அதே மரியாதையைத்தான் வாய்க்காலுக்கும் கேட்கிறேன்.

28/ பத்து நாள் கழிச்சு அவர் ரிவ்யூவுக்கு வந்தார். கூடவே அம்மாவும். இந்தத் தடவை நானே பேச்சை எடுத்தேன். "அம்மா, அன்னைக்கு நீந்துற மீனைக் கேட்டீங்கல்ல. அதுக்கு வெளியில ஒண்ணும் தெரியாது, உள்ளே ஈரல் கெட்டிருக்கலாம்"னு முடிஞ்ச வரைக்கும் விளக்கினேன்.

பொறுமையாக் கேட்டுட்டுச் சொன்னாங்க: "எம் மவனுக்கு ரத்தம் எடுத்து டெஸ்ட்டு எழுதினியே தம்பி, அதே மாதிரி அந்த மீனுக்கும் ஒரு டெஸ்ட்டு எழுதிக் குடு."

எழுதிக் கொடுக்கிற அதிகாரம் எனக்கு இல்ல. அதனால இங்க எழுதியிருக்கேன்.

வாய்க்கால் ஓரத்துல வீடோ வயலோ இருக்கிற யாருக்காவது இதை அனுப்புங்க.